அது வெறும் தியரிதானே!

பள்ளிக்கூடத்தில் நமக்கெல்லாம் இரண்டு பரீட்சை. பேப்பரில் எழுதினால் தியரி, லேபில் சால்ட் கண்டுபிடித்தால் பிராக்டிகல். குழப்பம் அங்கேயே தொடங்கிவிடுகிறது. தியரி என்றால் ஏட்டுச் சுரைக்காய் என்று மனதில் பதிந்துபோய், பரிணாமக் கோட்பாடு என்றதும் "அது வெறும் தியரிதானே" என்கிறோம். அறிவியலில் ஊகத்துக்குக் கருதுகோள் என்று தனிப் பெயர் உண்டு. பல சோதனைகளைத் தாண்டி வந்து, சிதறிக் கிடக்கும் உண்மைகளை ஒரே சரட்டில் கோத்து விளக்குவதுதான் கோட்பாடு. கிருமிகளால் நோய் வருகிறது என்பதும் கோட்பாடுதான். அதற்காக ஆபரேஷன் கத்தியைக் கொதிக்க வைக்க வேண்டாம் என்று யாரும் சொல்வதில்லை.

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. கோட்பாட்டுக்கு எதிராக ஒரு சான்று கிடைத்தால் அன்றே அது குப்பைக்குப் போக வேண்டும் என்ற எதிர்பார்ப்பு. யுரேனஸ் கோள் நியூட்டனின் கணக்குப்படி நகரவில்லை. நியூட்டனைத் தூக்கி எறிந்தார்களா? இல்லை. வேறு ஏதோ ஒரு கோள் அதை இழுக்கிறது என்று நினைத்த பிரான்ஸின் வானியலாளர் லெவெரியே, அது எங்கே இருக்கும் என்று காகிதத்திலேயே கணக்குப் போட்டார். 1846 செப்டம்பர் 23 இரவு, பெர்லினில் தொலைநோக்கியைத் திருப்பியபோது, அவர் சொன்ன இடத்திலிருந்து ஒரு பாகைக்குள்ளேயே நெப்டியூன் இருந்தது.

அப்புறம் புதன் கோளும் முரண்டு பிடித்தது. அதன் நீள்வட்டப் பாதை தானும் மெல்லச் சுழல்கிறது. அந்தச் சுழற்சி கணக்கைவிட நூறு ஆண்டுக்குச் சுமார் 43 விகலை அதிகம். ஒரு பாகையை 3,600 கூறு போட்டால் ஒரு கூறுதான் ஒரு விகலை, அவ்வளவு சின்ன பிசகு! லெவெரியே அதே வைத்தியத்தைச் செய்தார்: சூரியனுக்குப் பக்கத்தில் வல்கன் என்று ஒரு கோள் இருக்க வேண்டும். சிலர் பார்த்ததாகக்கூடச் சொன்னார்கள். ஆனால் அப்படியொரு கோளே இல்லை. 1915-ல் ஐன்ஸ்டைனின் பொதுச் சார்பியல் என்ற புதிய ஈர்ப்புக் கோட்பாடு அந்த 43 விகலையைச் சரியாகக் கொடுத்தது. அதே மனிதர், அதே உத்தி. ஒரு முறை பலித்தது, மறுமுறை கவிழ்ந்தது. எது பலிக்கும் என்று முன்கூட்டியே சொல்ல எந்தச் சூத்திரமும் இல்லை. எனக்கு அறிவியல் வரலாற்றில் மிகவும் பிடித்த இடம் இது.

சரி, நியூட்டன் தப்பாகிவிட்டாரா? ராக்கெட் விடுபவர்கள் இன்றும் பெரும்பாலும் அவர் கணக்கைத்தான் போடுகிறார்கள். "நேற்று ஒன்று சொன்னார்கள், இன்று மாற்றிச் சொல்கிறார்கள்" என்று அலுத்துக்கொள்ளும் முன் எது மாறியது, எவ்வளவு மாறியது என்று பார்க்க வேண்டும். உணவில் கொலஸ்ட்ரால் ஒரு நாளைக்கு 300 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்ற வரம்பை 2015–2020 காலத்துக்கான அமெரிக்க உணவு வழிகாட்டி எடுத்துவிட்டது. எண்ணெயில் பொரித்ததை இஷ்டத்துக்குச் சாப்பிடலாம் என்று அது சொல்லவில்லை.

"விஞ்ஞானிகள் கண்டுபிடித்தனர்" என்று தலைப்பு வந்த அன்றே நம்புவது அடுத்த தவறு. 2011-ல், ஜெனீவா அருகிலிருந்து இத்தாலிக்கு 730 கிலோமீட்டர் பயணித்த நியூட்ரினோ என்ற நுண்துகள்கள் ஒளியைவிட 60 நானோ நொடி முந்தி வந்ததாக ஓபெரா என்ற ஆய்வுக் குழு அறிவித்தது. ஒளியை எதுவும் முந்த முடியாது என்ற ஐன்ஸ்டைன் தோற்றார் என்று ஊரெல்லாம் செய்தி. அந்தக் குழுவோ எங்கே பிசகு என்று நீங்களும் பாருங்கள் என்றுதான் மற்றவர்களைக் கேட்டுக்கொண்டிருந்தது. சில மாதங்களில் அவர்களே கண்டுபிடித்தார்கள்: ஒளியிழைக் கேபிள் ஒன்று சரியாகப் பொருந்தவில்லை.

"எனக்கு இந்தக் கஷாயத்தில்தான் ஜலதோஷம் போச்சு" என்பது காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை. ஜலதோஷம் சும்மா விட்டாலும் ஏழெட்டு நாளில் போகும். குடித்தவர் நூறு பேர், குடிக்காதவர் நூறு பேர் என்று ஒப்பிடாமல் எதுவும் சொல்ல முடியாது.

கடைசியாக, வாட்ஸ்அப்பில் அதிகம் சுற்றுவது: "கலிலியோவையும் எதிர்த்தார்கள்." உண்மைதான். நம் சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சந்திரசேகரையும் எதிர்த்தார்கள். 1930-ல் இங்கிலாந்து போகும் கப்பலில், 19 வயதில், எரிபொருள் தீர்ந்து சுருங்கிப்போன வெள்ளைக் குள்ளன் நட்சத்திரத்துக்கு எடை வரம்பு உண்டு என்று கணக்குப் போட்டார். இன்றைய மதிப்பில் அது சூரியனைப் போல் சுமார் 1.4 மடங்கு. 1935-ல் லண்டன் கூட்டத்தில் புகழ்பெற்ற வானியலாளர் எடிங்டன் எல்லோர் முன்னாலும் அதைக் கேலி செய்தார். நோபல் பரிசு வந்தது 1983-ல். ஆனால் எடிங்டன் எதிர்த்ததால் சந்திரசேகர் சரியாகிவிடவில்லை. அவர் கையில் யார் வேண்டுமானாலும் போட்டுச் சரிபார்க்கக்கூடிய கணக்கு இருந்தது. கலிலியோ பெயரோடு மருந்து விற்கும் மெசேஜ் வந்தால் நான் ஒன்றுதான் கேட்பேன்: சார், உங்கள் கணக்கு எங்கே?