மோப்ப நாய் நின்ற இடம்: நாயும் பயிற்சியாளரும் துப்பறியும் தொடரில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கொலைச் செய்தியின் கடைசிப் பத்தியில் தமிழ் நாளிதழ்கள் பல்லாண்டுகளாக அச்சிட்டு வரும் வாசகம் ஒன்று உண்டு: மோப்ப நாய் வரவழைக்கப்பட்டது, அது சம்பவ இடத்திலிருந்து சிறிது தூரம் ஓடி நின்றுவிட்டது, யாரையும் கவ்விப் பிடிக்கவில்லை. ஆங்கிலத்தில் ‘கோஸி’ என்று அழைக்கப்படும், ரத்தம் அதிகம் சிந்தாமல் சிரிப்போடு நகரும் கொலை மர்மக் கதையை, ஒரு நாயையும் அதன் பயிற்சியாளரையும் வைத்துத் தொடராக எழுத முனைபவர்கள் பெரும்பாலும் இந்த வாசகத்தைத் தோல்விச் செய்தியாகவே படிக்கிறார்கள். அதனால் தங்கள் கதையில் நாயை நேராகக் குற்றவாளியிடம் ஓடவிட்டு அவன் வேட்டியைக் கவ்வ வைத்துவிடுகிறார்கள். முதல் தவறு அங்கேயே நிகழ்ந்துவிடுகிறது. நாய் பேருந்து நிறுத்தத்தில் நின்றது என்றால், தேடப்படும் ஆள் அங்கே ஏதோ வண்டியில் ஏறியிருக்கக்கூடும் என்று பொருள். எந்த வண்டி, எத்தனை மணிக்கு, நடத்துநர் அவன் முகத்தைப் பார்த்தாரா என்பவையெல்லாம் மனிதர்கள் விசாரித்து அறிய வேண்டியவை. கதை நடக்க வேண்டிய இடமும் அதுவே.

எல்லா நாய்க்கும் ஒரே மூக்கைப் பொருத்துவது அடுத்த தவறு. மனித மூக்கில் வாசனை அறியும் ஏற்பிகள் 50, 60 லட்சம் என்றால், மோப்ப இனங்களில் அவை 20 கோடியைத் தாண்டும் என்பது மெய்தான். ஆனால் பிணவாடைக்குப் பழக்கிய நாய் வேறு, ஆள் தடம் பிடிக்கும் நாய் வேறு, வெடிமருந்து தேடும் நாய் வேறு. வெடிமருந்து நாய் பொருளைக் கண்டதும் குரைப்பதில்லை, பிறாண்டுவதும் இல்லை; பக்கத்தில் சத்தமின்றி உட்கார்ந்துகொள்ளும், ஏனெனில் பிறாண்டினால் நாயும் மிஞ்சாது, பயிற்சியாளரும் மிஞ்சமாட்டார். உள்ளூர் மணம் வேண்டுமே என்று சிப்பிப்பாறையையோ கன்னியையோ மோப்பத்துக்கு அனுப்புகிறவர்கள், அவை முயலைக் கண்ணால் கண்டு விரட்டுவதற்கென்றே வளர்க்கப்பட்ட வேட்டை நாய்கள் என்பதை மறந்துவிடுகிறார்கள். அவற்றைக் கதையில் சேர்க்கக் கூடாது என்பதில்லை. தோட்டத்து வேலியைத் தாண்டி ஓடும் ஒருவனை அரைக் கணத்தில் பார்த்துவிடும் வேலையை அவற்றுக்குத் தரலாம்.

இவற்றைவிடப் பெரிய தவறு ஒன்று இருக்கிறது. நான் படித்த கையெழுத்துப் படிகளில் பாதிக்கு மேல் இதில்தான் சறுக்கின. நாயின் நடத்தையை மாற்ற முடியாத சாட்சியமாக எழுத்தாளர் எடுத்துக்கொள்கிறார். கயிற்றின் மறுமுனையில் ஒரு மனிதர் இருப்பதை மறந்துவிடுகிறார். அமெரிக்காவின் டேவிஸ் நகரிலுள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2011இல் வெளியிட்ட ஆய்வில், போதைப்பொருளோ வெடிமருந்தோ எதுவுமே வைக்கப்படாத அறைகளில் 18 நாய்கள் தத்தம் பயிற்சியாளர்களோடு தேடவிடப்பட்டன. சில இடங்களில் பொருள் இருப்பதாகப் பயிற்சியாளர்களிடம் மட்டும் பொய் சொல்லப்பட்டிருந்தது. 144 தேடல்களில் 21இல் மட்டுமே, எதுவும் கிடைக்கவில்லை என்ற சரியான முடிவு வந்தது. மற்றவற்றில் இல்லாத பொருளை நாய் காட்டிக்கொடுத்ததாகப் பயிற்சியாளர் அறிவித்தார். பிடித்திருப்பவரின் நடை சற்றுத் தயங்கினாலும், கயிறு சற்று இறுகினாலும், நாய் அதைப் படித்துவிடக்கூடும். ஆகவே உங்கள் கதையில் நாய் ஒருவரைச் சுட்டிக்காட்டும்போது, சுட்டியது நாயா, அதன் எசமானின் ஐயமா என்ற கேள்வி வாசகருக்கு எழ வேண்டும். பயிற்சியாளரே கொலையாளியாக இருக்கும் கதைக்கு இதைவிட நல்ல கருவி கிடையாது.

நம் உச்ச நீதிமன்றமும் 1969ஆம் ஆண்டுத் தீர்ப்பு ஒன்றில், நாய் சாட்சிக் கூண்டில் ஏறிச் சத்தியம் செய்து சாட்சி சொல்ல இயலாது என்ற ஆட்சேபத்தை எடுத்துக் காட்டி, மோப்ப நாய்ச் சாட்சியத்துக்குப் பெரிய மதிப்பு இல்லை என்று கூறியிருக்கிறது. நகைச்சுவைத் தொடர் எழுதுகிறவருக்கு அந்தக் காட்சியே ஒரு அத்தியாயம். கடைசிப் பக்கத்தில் நாய் உறுமியதும் கொலையாளி அழுது ஒப்புக்கொள்வதாக எழுதுகிறவர்கள், ஒரு சுமாரான வழக்கறிஞர்கூடக் கலைத்துவிடும் வழக்கைத்தான் கட்டுகிறார்கள்.

பயிற்சியாளரைச் சாதுவான பிராணிப் பிரியராக மட்டும் காட்டுவதும் வீண். இரண்டு பயிற்சியாளர்கள் ஒத்துப்போகும் ஒரே விஷயம் மூன்றாமவர் செய்வது தவறு என்பதுதான் என்று அந்த வட்டாரத்திலேயே வேடிக்கையாகச் சொல்வார்கள். நாயை அடக்கி ஆள வேண்டும் என்ற ‘ஆல்ஃபா’ கொள்கை, ருடால்ஃப் ஷென்கெல் என்பவர் அடைத்து வைக்கப்பட்ட ஓநாய்களைக் கவனித்து 1947இல் எழுதியதிலிருந்து வளர்ந்தது. அந்தக் கருத்தைப் பரப்பிய ஓநாய் ஆய்வாளர் டேவிட் மீச், காட்டு ஓநாய்க் கூட்டம் என்பது தாய், தகப்பன், பிள்ளைகள் கொண்ட குடும்பமே என்று 1999இல் தாமே திருத்தினார். ஆயினும் கழுத்துச் சங்கிலியை இழுக்கும் கட்சியும், ‘கிளிக்’ என்று ஒலியெழுப்பும் கிளிக்கர் என்ற சிறு கருவியை அழுத்தித் தின்பண்டம் கொடுக்கும் கட்சியும் இன்றுவரை ஒன்றையொன்று மதிப்பதில்லை. இந்தப் பகை இருக்க, சொத்துத் தகராறையே கொலைக்குக் காரணமாக்கிக் கொண்டிருப்பானேன்?

தடயத்தையும் இதே தொழிலிலிருந்து எடுக்கலாம். பழக்கிய நாய் ‘ஹீல்’ என்றதும் ஆளின் இடப்பக்கம் வந்து சேர்வது மரபு. இறந்துபோன பயிற்சியாளர் இடக்கைப் பழக்கத்தால் தம் நாய்களை வலப்பக்கம் நடக்கப் பழக்கியவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவரைத் தெரியவே தெரியாது என்று சாதிக்கும் ஒருவரின் நாய், இரண்டாம் அத்தியாயத்திலேயே அவர் வலக்காலை உரசி உரசி நடந்து, காய்கறிப் பையில் மோதி, தக்காளியைத் தெருவில் உருட்டிவிடுகிறது. வாசகர் சிரித்துவிட்டுக் கடந்துபோவார். தடயம் அவர் கண்ணெதிரே வைக்கப்பட்டும் விட்டது.

இரவில் நாய் குரைக்காததால் வந்தவன் தெரிந்தவனே என்ற தடயத்தை ஷெர்லாக் ஹோம்ஸ் 1892இலேயே பயன்படுத்திவிட்டார். அதை அப்படியே திரும்ப வைத்தால் வாசகர் உங்களுக்கு முன்பே முடிவுக்கு வந்துவிடுவார். புரட்டி வைக்கலாம்: வெள்ளை ராஜபாளையம் நாய்களில் சில பிறவியிலேயே காது கேளாதவை என்பது வளர்ப்பவர்களுக்குத் தெரியும், துப்பறிபவருக்கு அது தெரியாமல் போனால் வீட்டாரெல்லாம் ஒரு வாரம் வீணாகச் சந்தேகப்படுவார்கள்.

இவ்வகைக் கதையில் மனிதர் யார் வேண்டுமானாலும் சாகலாம், நாய் சாகக் கூடாது. படத்தில் நாய் இறக்கிறதா என்று முன்கூட்டியே சொல்வதற்கென்று ஒரு இணையதளமே நடக்கிறது என்றால் வாசகரின் மனம் புரியும். விஷம் வைத்துப் பிழைக்க வைப்பதானால் அளவைச் சரியாக எழுதுங்கள். 30 கிலோ லாப்ரடார் 50 கிராம் பால் சாக்லேட்டைத் தின்றவுடன் சுருண்டு விழாது. பெரும்பாலும் வயிற்றுக் கோளாறோடு முடிந்துவிடும். கறுப்புச் சாக்லேட் அதிகம் தின்றால்தான், அதுவும் சில மணி நேரம் கழித்து, வாந்தியும் படபடப்பும் நடுக்கமும் வரும். பாயசத்தில் மிதக்கும் உலர்திராட்சை சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடும் என்பதும், சர்க்கரையில்லாச் சூயிங்கத்திலுள்ள சைலிட்டால் என்ற இனிப்பூட்டி அதைவிட விரைவாகத் தாக்கும் என்பதும் நம் எழுத்தாளர்கள் கண்டுகொள்ளாத சங்கதிகள்.

தொடர் என்பதால் வயதுக் கணக்கும் வேண்டும். மனிதத் துப்பறிவாளர் நாற்பது ஆண்டுகள் நாற்பது வயதிலேயே இருக்கலாம், வாசகர் கேட்கமாட்டார். லாப்ரடாரின் ஆயுள் 10 முதல் 12 ஆண்டுகள், கிரேட் டேனுக்கு அதைவிடக் குறைவு. முதல் கதையில் 3 வயதாக இருந்த நாயின் முகவாய் ஆறாவது கதையில் நரைத்திருக்க வேண்டும், படியேறத் தயங்க வேண்டும், அதன் கயிற்றைக் கடித்து இழுத்துக்கொண்டு ஒரு குட்டி பின்னால் வர வேண்டும்.