டீசல் பிஎம்டபிள்யூ, பென்ஸ் வைத்திருக்கிறீர்களா? வாரம் ஒருமுறை ஹைவேயில் ஏற்றுங்கள்

கொழும்புக்குள் மட்டும் ஓடும் டீசல் காரை வாரத்தில் ஒருநாள் கொட்டாவையில் தெற்கு அதிவேக வீதியிலோ, பேலியகொடையில் கட்டுநாயக்க வீதியிலோ ஏற்றி, இருபது முப்பது நிமிடம் நிற்காமல் ஓட்டுங்கள். கியரை ஒன்று குறைத்து 2,000 ஆர்பிஎம்முக்கு மேல் வைத்தால் இன்னும் நல்லது. டாங்கி ரிசர்வில் இருக்கக் கூடாது. பல கார்களில் அப்போது புகை வடிகட்டியில் சேர்ந்த கரியை எரிக்கும் வேலையே தொடங்காது, இந்த ஓட்டமே அதற்காகத்தான்.

டிபிஎஃப் எனும் அந்தப் புகை வடிகட்டியில் சேரும் கரி எரிய ஏறக்குறைய 600 பாகை செல்சியஸ் சூடு வேண்டும். காலி வீதி நெரிசலில் அந்த எரிப்பு பாதியில் நின்றுவிடும், சூட்டை ஏற்ற என்ஜின் கூடுதலாகப் பீய்ச்சிய டீசலில் கொஞ்சம் என்ஜின் ஒயிலில் கலக்கும். டிப்ஸ்டிக்கில் ஒயில் மட்டம் ஏறியிருந்தால் பெரும்பாலும் இதுதான் காரணம், ஒயிலை மாற்றிவிடுங்கள். புது டிபிஎஃப் விலையை விசாரித்தவர்களுக்கு ஹைவே கட்டணம் பெரிதாகத் தெரியாது.

என்ஜின் லைட் எரிந்தாலோ கார் இழுக்காமல் திணறினாலோ ஹைவேக்குப் போகாதீர்கள், முதலில் கராஜில் ஸ்கேன் பண்ணுங்கள். நீண்ட தூரம் ஓடிய காரில் சேர்ந்த சாம்பலும் இப்படி எரியாது, கழற்றித்தான் சுத்தம் செய்ய வேண்டும். டிபிஎஃப் இல்லாத பழைய மொடல்களுக்கு இந்தச் சுற்றே தேவையில்லை.