பொம்மை பூட்ஸுக்குத் தோட்டத்துச் செம்மண்

ஒன்றுக்கு ஆறு அளவு (நிஜ ஆளில் ஆறில் ஒரு பங்கு) ஆக்‌ஷன் ஃபிகர் பொம்மையின் பூட்ஸும் பேன்ட் விளிம்பும் புழுதி படிந்தாற்போல் தெரிய, வெதரிங் பவுடர் (பொம்மையைப் பழசாக, அழுக்காகக் காட்டும் பொடி) வாங்க வேண்டாமுங்க. தோட்டத்துச் செம்மண்ணே போதும். வாணலியில் ஈரம் போக வறுத்து, ஆறியதும் பழைய வேட்டித் துணியில் இரண்டு முறை சலித்து, பிரஷ்ஷால் முழங்காலுக்குக் கீழே தட்டிவிடுங்கள். அப்புறம் மேட் (பளபளக்காத) வார்னிஷ் ஸ்பிரேயை ஓரடி தள்ளிப் பிடித்து லேசாக அடித்தால் ஒட்டிக்கொள்ளும். வறுக்க வீட்டு வாணலியை எடுக்காதீர்கள், பேச்சு வாங்க நேரிடும்.

சலிப்பதில்தான் சூட்சுமம். இந்த அளவில் 1 மி.மீ. மணல், ஆளோடு ஒப்பிட்டால் 6 மி.மீ. கல். துணியில் இறங்கும் மாவுதான் தையலிலும் மடிப்பிலும் போய்த் தங்கி நிஜப் புழுதியாகத் தெரியும். கோவைப் பக்கம் கரிசலும் கிடைப்பதால், காய்ந்த சேற்றுக்கு அதையே இதே மாதிரி சலித்துக்கொள்ளலாம்.

மூட்டு இடுக்குகளில் மட்டும் படவிடாதீர்கள், அசைக்கும்போது மண் அறுத்துவிடும். ரெக்ஸின் மாதிரியான போலித்தோல் ஜாக்கெட்டுக்கும் இது ஆகாது. வார்னிஷ் காய்ந்தபின் மடித்தால் வெடிப்பு விழும். முகத்துக்கு வேண்டவே வேண்டாம்.