கிறிஸ்துமஸ் மதியத்துக்கு ஆம்பூர் முறை மட்டன் பிரியாணி: பாதி வேலை முதல் நாளே

பலகாரம் சுட்டு, ஸ்டார் கட்டி, வீட்டை ஒழுங்குபடுத்தி ஓய்ந்தபின், 25ஆம் தேதியும் வீட்டில் ஒருவர் அடுப்படியிலேயே கிடக்கக் கூடாது. கீழே சொல்வதுபோலச் செய்தால், வேலூர்க் கோட்டைக்குள் இருக்கும் தேவாலயத்தில் காலை ஆராதனை முடிந்து வந்தபின் ஒன்றே முக்கால் மணி நேர வேலைதான். அளவு ஏழெட்டுப் பேருக்கு.

ஆட்டுக்கறி 1 கிலோ, சீரகச் சம்பா 1 கிலோ. இரண்டும் சம எடை, ஆம்பூர்க் கணக்கு அதுதான். நீட்டு காய்ந்த மிளகாய் 20, பூண்டு 100 கிராம், இஞ்சி 75 கிராம், வெங்காயமும் தக்காளியும் 300 கிராம் வீதம், தயிர் 100 மி.லி., எண்ணெய் 150 மி.லி., பட்டை 3 துண்டு, கிராம்பு 6, ஏலக்காய் 5, புதினா, கொத்தமல்லி ஒவ்வொரு கைப்பிடி, எலுமிச்சை பாதி. மிளகாய்த்தூளும் கரம் மசாலாவும் வேண்டாம்.

24 மாலை

கறியை அன்றைக்கே வாங்கிக் கழுவி, தயிரும் உப்பும் பிசறி ஃபிரிட்ஜில் வையுங்கள். மிளகாயை விதை உதிர்த்து, சுடுநீரில் அரை மணி நேரம் ஊறவைத்து வெண்ணெய்போல அரையுங்கள். தோல் திப்பியாக நின்றால் சோற்றில் சிவப்புப் புள்ளியாகத் தெரியும், நிறம் சீராக இறங்காது. இஞ்சியையும் பூண்டையும் தனித்தனியே அரைத்து வையுங்கள்.

தொட்டுக்கொள்ளும் கத்திரிக்காயையும் இரவே செய்துவிடலாம். புளியும் எள்ளும் சேர்ந்த குழம்பு மறுநாள்தான் ருசி கூடும். இலவம்பாடி முள்ளு கத்திரிக்காய் கிடைத்தால் விடாதீர்கள். 2023இல் புவிசார் குறியீடு பெற்ற காய் அது. காம்பு முள் கையில் குத்தும், பார்த்து நறுக்குங்கள்.

25 காலை

கறியை அரை மணி நேரம் முன்பே வெளியே எடுத்து வையுங்கள். கனமான பாத்திரத்தில் எண்ணெய் காய்ந்ததும் பட்டை, கிராம்பு, ஏலக்காய், பிறகு பூண்டு விழுது, இஞ்சி விழுது, வெங்காயம். வெங்காயம் பொன்னிறமானதும் மிளகாய் விழுது. இந்த இடத்தில் அவசரப்படாதீர்கள்: விழுதின் ஓரத்தில் சிவப்பு எண்ணெய் பிரிந்து, தும்மல் வரவைக்கும் நெடி அடங்கும்வரை வதக்க வேண்டும். இங்கே குறைத்தால் பிரியாணி முழுக்கப் பச்சை வாடைதான். அடுத்து கறி, தக்காளி, புதினா, கொத்தமல்லி, உப்பு. இரண்டு டம்ளர் வெந்நீர் ஊற்றி, மூடி, சிறு தீயில் சுமார் 50 நிமிடம். கறி வெந்ததும் குழம்பு அதற்கு மேல் அரை அங்குலம் நிற்கட்டும். கூடுதலாக இருந்தால் சுண்டவிடுங்கள், பிரியாணி குழைவதற்குப் பெரும்பாலும் காரணம் இந்தத் தண்ணீர்தான்.

கறி வேகும்போதே அரிசியை 20 நிமிடம் ஊறவையுங்கள். அதற்கு மேல் ஊறினால் சீரகச் சம்பா உடையும். தாராளமான தண்ணீர் கொதித்ததும் உப்புப் போட்டு, அரிசியைப் போட்டு, மீண்டும் கொதி வந்தபின் 5 நிமிடத்தில் ஒரு பருக்கையை நசுக்கிப் பாருங்கள். நடுவில் வெள்ளைப் புள்ளி தெரியும்போதே வடித்து, சூட்டோடு குழம்பில் கொட்டி, எலுமிச்சை பிழிந்து ஒரே தடவை புரட்டுங்கள்.

அடியில் தோசைக்கல், மூடியின்மேல் தணல், இல்லையென்றால் கொதிநீர்ப் பாத்திரம். மிகச் சிறு தீயில் 20 நிமிடம், அணைத்தபின் 10 நிமிடம். நடுவே மூடியைத் திறக்காதீர்கள், ஆவி போனால் மேல்சோறு விறைத்துவிடும்.

கரண்டியை ஓரத்தில் இறக்கி அடியிலிருந்து எடுங்கள். பக்கத்து வீடுகளுக்குக் கொடுத்தனுப்புவதை முதலில் எடுத்து வைத்துவிட்டு, வீட்டார் எல்லாரும் ஒன்றாக உட்காருங்கள்.