நோயாளிகள் இணையத்தில் எழுதியதை வரலாறாகச் சேமிப்பது எப்படி? புதியவர்களுக்கு ஒரு செய்முறை

2006இல் தமிழ்நாட்டில் சிக்குன்குனியா பரவியது. அந்த வருடத்து ஆஸ்பத்திரி ஏடுகளைப் புரட்டினால் காய்ச்சல், மூட்டுவலி, எத்தனை பேர் என்ற கணக்கு கிடைக்கும். விரல் மடங்காமல் மாதக்கணக்கில் மல்லிகைப் பூப் பறிக்கப் போகாதவரும், மதுரை செல்லூரில் தறியில் உட்கார முடியாமல் போனவரும் அதில் இருக்க மாட்டார்கள்.

2020இல் நிலைமை வேறு. கொரோனாவுக்குத் தமிழ்நாட்டில் முதல் உயிரிழப்பு மார்ச் 25 அன்று மதுரையில்தான் நடந்தது. அப்புறம் வந்த மாதங்களில் நோயாளிகள் வார்டுக் கட்டிலில் இருந்தபடியே போனில் எழுதினார்கள், வீடியோ போட்டார்கள். காய்ச்சல் போய் வாரக்கணக்கான பிறகும் மூச்சிரைப்பும் அசதியும் விடவில்லை என்பதைப் பல நாட்டு நோயாளிகள்தான் இணையத்தில் பேசி வெளியே கொண்டுவந்தார்கள். உலக சுகாதார நிறுவனம் அந்த நிலைக்கு வரையறை வெளியிட்டது 2021 அக்டோபரில். இந்த எழுத்தெல்லாம் வரலாற்று ஆவணம். ஆனால் அது இருக்கும் இடம் நிலையில்லாதது: மக்கள் கூடிப் பேசிய ஆர்குட் தளம் 2014இலும் யாஹூ குழுமங்கள் 2020இலும் மூடப்பட்டன. ஆகவே நாம்தான் எடுத்து வைக்க வேண்டும். ஒரு கம்ப்யூட்டரும் பொறுமையும் இருந்தால் போதும்.

1. எல்லையைச் சின்னதாக வையுங்கள்

ஒரு நோய், ஒரு வட்டாரம், ஒரு காலம். "2020–21 கொரோனா, மதுரை மாவட்டம்" என்பது நல்ல தொடக்கம். மதுரைக்குப் பக்கத்தில் ஆஸ்டின்பட்டி ஆஸ்பத்திரியில் காசநோய்க்குச் சிகிச்சை பெற்றவர்களின் அனுபவம் என்பதும் அப்படித்தான். "எல்லா நோயும்" என்று கிளம்பினால் பாதியில் நின்றுவிடும்.

2. முதலில் அனுமதி

இந்தப் படியில்தான் அதிக நேரம் செலவாகும், ஆகவும் வேண்டும். ஒருவர் தன் நோயைப் பற்றிப் பொதுவில் எழுதியிருக்கலாம். அன்றைக்கு அவர் மனதில் இருந்த வாசகர்கள் அதே நோயுள்ள நாலு பேர். இருபது வருடம் கழித்து ஓர் ஆய்வாளர் படிப்பார் என்று அவர் நினைத்திருக்க மாட்டார். அதனால் எழுதிக் கேளுங்கள்:

"வணக்கம். 2020இல் நீங்கள் பெரியாஸ்பத்திரியில் இருந்த நாட்களைப் பற்றி எழுதியதைப் படித்தேன். மதுரையில் கொரோனாவை மக்கள் எப்படிக் கடந்தார்கள் என்று ஒரு தொகுப்பு சேர்த்துவருகிறேன். உங்கள் பதிவைப் பெயர் இல்லாமல் சேர்த்துக்கொள்ளலாமா? வேண்டாம் என்றாலும் சரி. பிறகு மனம் மாறினாலும் சொல்லுங்கள், எடுத்துவிடுகிறேன்."

பதில் வராவிட்டால் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். எழுதியவர் காலமாகியிருந்தால் குடும்பத்தாரிடம் கேளுங்கள். எச்ஐவி விஷயத்தில் இன்னும் கவனம் தேவை. ஒருவருக்கு அந்தத் தொற்று இருப்பதை அவர் சம்மதமில்லாமல் வெளியிடக் கூடாது என்று 2017ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது. வாட்ஸ்அப் குழு என்றால் அட்மின் சரி என்றது போதாது, பேசிய ஒவ்வொருவரும் சொல்ல வேண்டும்.

பெயரை எடுத்துவிட்டால் ஆளை மறைத்தாகிவிட்டது என்று நம்பிவிடாதீர்கள். "உசிலம்பட்டிப் பக்கம் இன்ன கிராமத்துத் தபால்காரர்" என்றாலே அந்த ஊருக்கே தெரிந்துவிடும். ஊரைத் தாலுகா அளவில் நிறுத்துங்கள். படங்களில் ஓபி சீட்டு எண், போன் நம்பர், பக்கத்துக் கட்டிலில் இருப்பவர் முகம் எல்லாம் தெரிகிறதா என்று பெரிதாக்கிப் பாருங்கள். மூலப் பிரதியைக் கடவுச்சொல் போட்டு மூடி வைத்துவிட்டு, அடையாளம் நீக்கிய பிரதியை மட்டும் மற்றவர்களுக்குக் காட்டுங்கள்.

3. பக்கத்தைச் சேமிப்பது

பொதுவில் வைக்கச் சம்மதம் கிடைத்த பக்கம், அதிலும் எழுதியவர் தன் அடையாளத்தோடு இருக்கட்டும் என்று சொன்ன பக்கம் என்றால், இணையப் பக்கங்களைப் பிரதி எடுத்து வைக்கும் இன்டர்நெட் ஆர்க்கைவின் வேபேக் மெஷின் தளத்துக்குப் போங்கள். 'சேவ் பேஜ் நவ்' என்ற பெட்டியில் முகவரியை ஒட்டினால் அன்றைய தேதியோடு ஒரு பிரதி அங்கே பதிவாகும். அது யாரும் பார்க்கக்கூடிய இடம் என்பதை மறக்க வேண்டாம். லாகின் செய்தால்தான் தெரியும் பக்கங்களை அது எடுக்காது.

உங்களிடம் இருக்க வேண்டிய பிரதிக்கு, பிரவுசரில் சிங்கிள்ஃபைல் என்ற நீட்டிப்பைப் போட்டுக்கொள்ளுங்கள். படம், எழுத்து எல்லாவற்றையும் சேர்த்து ஒரே கோப்பாக இறக்கித் தரும். சேமித்ததும் நெட்டை அணைத்துவிட்டு அந்தக் கோப்பைத் திறந்து பாருங்கள். படம் காணாமல் போயிருந்தால் அப்போதே தெரியும். கீழே வந்த பின்னூட்டங்களுக்கும் இதே அனுமதி விதிதான். "எனக்கும் அப்படித்தான் இருந்தது, ஆறு மாதம் கழித்துத்தான் சரியானது" என்ற ஒரு வரி சில நேரம் மேலே உள்ள பதிவைவிட அதிகம் சொல்லும்.

பழைய தமிழ்ப் பக்கங்களில் ஒரு சிக்கல் வரும். யூனிகோடு பரவலாவதற்கு முன் டிஸ்கி, டாப் போன்ற குறியாக்கங்களில் எழுதினார்கள். இன்று திறந்தால் புரியாத குறிகளாகத் தெரியும். கெட்டுப்போன கோப்பு என்று அழித்துவிடாதீர்கள். உள்ளபடியே சேமித்துவிட்டு, பிறகு ஒரு எழுத்து மாற்றி மென்பொருளில் போட்டு யூனிகோடு பிரதியைத் தனியாக எடுங்கள்.

4. குறிப்பு எழுதுங்கள், திருத்தாதீர்கள்

ஒரு எக்செல் தாள் போதும். எழுதிய தேதி, சேமித்த தேதி, முகவரி, தாலுகா, என்ன சம்மதம், என்றைக்குக் கிடைத்தது, இவ்வளவுதான். கோப்புக்கு "2020-07-மதுரை-கொரோனா-001" என்பதுபோலப் பெயர் வையுங்கள்.

எழுத்துப்பிழையைச் சரிசெய்ய வேண்டாம். "டிபி மாத்திரை போட்டால் ஒண்ணுக்கு ஆரஞ்சுக் கலரில் போகுது, பயந்துட்டேன்" என்று ஒருவர் எழுதியிருந்தால் அப்படியே இருக்கட்டும். ரிஃபாம்பிசின் என்ற காசநோய் மருந்து அப்படிச் செய்யும் என்பது டாக்டருக்குத் தெரியும், அந்தப் பயம் எந்தக் கேஸ் ஷீட்டிலும் ஏறாது. கபசுரக் குடிநீர் குடித்ததால்தான் பிழைத்தேன் என்று எழுதியிருந்தாலும் வெட்டாதீர்கள். அந்தக் காலத்தில் மக்கள் எதை நம்பினார்கள் என்பதற்கு அது சாட்சி. தொகுப்பின் முகப்பில் "இவை மருத்துவ ஆலோசனை அல்ல" என்று ஒரு வரி போட்டுவிடுங்கள்.

5. மூன்று பிரதி

கம்ப்யூட்டரில் ஒன்று, ஹார்ட் டிஸ்க்கில் ஒன்று, வேறொரு வீட்டில் ஒன்று. வருடத்துக்கு ஒருமுறை திறந்து பாருங்கள்.

6. "எடுத்துவிடுங்கள்" என்று கேட்டால்

காரணம் கேட்காமல் மூன்று பிரதிகளிலிருந்தும் எடுத்துவிடுங்கள். பெண்ணுக்குக் கல்யாணம் பேசுகிறார்கள், வேலை மாறுகிறார், எதுவாகவும் இருக்கலாம். தாளில் அந்த எண்ணுக்கு எதிரே "எழுதியவர் கேட்டதால் நீக்கப்பட்டது" என்று தேதியோடு மட்டும் எழுதுங்கள். வேபேக் மெஷினில் ஏற்றியதை நாமாக நீக்க முடியாது. இன்டர்நெட் ஆர்க்கைவுக்கு எழுதிக் கேட்க வேண்டும், அவர்கள்தான் முடிவு செய்வார்கள். இதை முதல்முறை அனுமதி கேட்கும்போதே அவரிடம் சொல்லிவிடுங்கள்.