தமிழில் ஒரு சொந்த இணையதளம்: பக்க ஒழுங்கும் எழுத்தமைப்பும்

என் கட்டுரைகளுக்கென ஒரு சிறு தளத்தை பக்கத்தின் கட்டமைப்பை எழுதும் எச்டிஎம்எல், அதன் தோற்றத்தை வகுக்கும் சிஎஸ்எஸ் இரண்டை மட்டும் கொண்டு அண்மையில் நானே எழுதி முடித்தேன். ஆங்கில எழுத்துக்கென வகுத்த அளவுகளை அப்படியே எடுத்தாண்டதால் தமிழ் எங்கெங்கு இடறியது, அதை எப்படிச் சரிசெய்தேன் என்பதை இங்கே விளக்குகிறேன். தளப்பெயர் பதிவதும் கோப்புகளை ஏற்றுவதும் உங்களுக்குத் தெரியும் என்று கொள்கிறேன்.

படி 1: பிரிவுகள்

தளத்தில் இடப்போகும் அனைத்தையும் முதலில் ஒரு தாளில் எழுதி, மூன்று நான்கு பிரிவுகளுக்குள் அடக்குங்கள். ஆண்டுவாரியாக அடுக்குவதைவிடப் பொருள்வாரியாக அடுக்குவதே நல்லது. புதிதாக வருபவர் ஒரு பொருளைத் தேடித்தான் வருகிறார், நாம் எழுதிய ஆண்டைத் தேடி அல்ல. பிரிவின் பெயர் ஒரே சொல்லாக இருந்தால் கைப்பேசித் திரையில் பட்டி இரண்டு வரியாக மடங்காது.

படி 2: பக்க முகவரி

முகவரியைத் தமிழில் வைக்கும் ஆசை எனக்கும் இருந்தது. ஆனால் எழுத்துகளைக் கணினியில் பதியும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் 3 பைட்டுகளாகி, முகவரியை நகலெடுத்து ஒட்டும்போது பெரும்பாலும் 9 குறிகளாக விரிகிறது. உயிர்க்குறியும் புள்ளியும் தனிக் குறிகளாகவே எண்ணப்படுவதால், ஐந்து குறிகள் கொண்ட ‘தமிழ்’ என்ற ஒரு சொல்லே 45 குறிகள் நீளும். ஆகவே முகவரியை ரோமன் எழுத்தில் சுருக்கமாக வைத்து, தலைப்பை மட்டும் தமிழில் எழுதுகிறேன்.

படி 3: எழுத்துரு

எழுத்துருவை நாம் தராவிட்டால், விண்டோஸில் நிர்மலா யூஐ, ஆப்பிள் கருவிகளில் தமிழ் சங்கம் எம்என், ஆண்ட்ராய்டில் நோட்டோ என்று ஒரே பக்கம் வெவ்வேறு முகத்துடன் தெரியும். உரைக்கு நோட்டோ செரிஃப் தமிழ், தலைப்புக்கு முக்தா மலர் என்பது என் தேர்வு. இரண்டும் திறந்த உரிமத்தில் கிடைப்பவை. கோப்புகளை நம் தளத்திலேயே வைத்துக்கொள்வதை வலியுறுத்துவேன்.

படி 4: வரி இடைவெளி

இரண்டு மாலைப் பொழுதுகளை விழுங்கிய படி இது. தமிழில் ‘கி’, ‘மீ’ ஆகியவற்றின் மேல்விலங்குக் குறிகள் மேலே எழுகின்றன. ‘ழு’, ‘ளு’ போன்றவை கீழே இறங்குகின்றன. அதனால் 18 பிக்சல் உரைக்கு 1.75 மடங்கு வரி இடைவெளி வேண்டும் என்று சரியாகவே முடிவுசெய்து, பக்கம் முழுமைக்கும் ‘1.75 எம்’ என்று எழுதிவைத்தேன் (‘எம்’ என்பது எழுத்தின் அளவை ஒன்றாகக் கொள்ளும் அலகு). உரை அழகாக அமைந்தது; ஆனால் 36 பிக்சல் தலைப்பு இரண்டு வரியாக மடங்கியதும் ஒரு வரி மற்றொன்றின் மேல் ஏறிக்கொண்டது. எழுத்துருவின் குறை என்று எண்ணி மூன்று எழுத்துருக்களை மாற்றிப் பார்த்தேன்.

காரணம் ‘எம்’ என்ற அலகில் இருந்தது. அலகுடன் எழுதினால் உலாவி 18-ஐ 1.75-ஆல் பெருக்கி, வரும் 31.5 பிக்சலையே தலைப்புக்கும் கொடுத்துவிடுகிறது. அலகின்றி 1.75 என்று மட்டும் எழுதினால், அந்தந்த எழுத்தின் அளவைக் கொண்டு தனித்தனியாகப் பெருக்குகிறது. அலகை நீக்கி, தலைப்புக்கு 1.4 என்று தனியே கொடுத்ததும் சிக்கல் தீர்ந்தது. ‘கூழுக்கும் ஆசை’ என்பதை ஒரு வரியிலும் ‘மீசைக்கும் ஆசை’ என்பதை அடுத்த வரியிலும் தலைப்பாக இட்டுச் சோதியுங்கள். ‘ழு’வும் ‘மீ’யும் ஒன்றையொன்று தொடாமல் நின்றால் உங்கள் அளவு சரி.

படி 5: விட்டுவிட வேண்டியவை

பத்தியின் இரு ஓரங்களையும் நேராக்காதீர்கள். ‘சொல்லிக்கொண்டிருந்தார்கள்’ போன்ற நீண்ட சொல் அடுத்த வரிக்குப் போனால், கைப்பேசியில் மீதமுள்ள சொற்களுக்கிடையே பெரும் பள்ளங்கள் விழும். சாய்வெழுத்தும் தமிழுக்கு இயல்பானதன்று; அழுத்தம் வேண்டிய இடத்தில் தடித்த எழுத்தோ வேறு நிறமோ போதும்.

பிற்சேர்க்கை: தடித்த சொற்கள் மைபடிந்தாற்போல் தெரிகின்றன என்று வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். பார்த்தபோது, ‘ண’, ‘ஞ’ ஆகியவற்றின் சுழிகள் உள்ளே அடைபட்டிருந்தன. எழுத்துருவின் இயல்பான தடிமனை மட்டும் ஏற்றியிருந்ததால், உலாவி அதையே செயற்கையாகத் தடிப்பாக்கியிருக்கிறது. தடித்த வடிவத்துக்குரிய கோப்பையும் சேர்த்து, அதன் எடையை, அதாவது தடிமன் அளவை, 700 என்று குறித்த பின் சுழிகள் திறந்துகொண்டன.