ஆஃப்-ரோடு ஹெவி டியூட்டி பிக்கப்: டிரிம்மை எப்படித் தேர்ந்தெடுப்பது?

அமெரிக்காவில் முக்கால் டன் பிக்கப்பை (2500, எஃப்-250 வகுப்பு) ஆஃப்-ரோடு டிரிம்மில், அதாவது கரடுமுரடான பாதைக்கென்றே வரும் உபகரணத் தொகுப்பில் எடுக்க நினைத்தால் முக்கியமாக நிற்பவை நான்கு: ராம் 2500 பவர் வேகன், ஃபோர்டு சூப்பர் டூட்டி டிரெமர், செவ்ரோலே சில்வராடோ எச்டி இசட்ஆர்2, அதே அடித்தளத்தில் வரும் ஜிஎம்சி சியரா எச்டி ஏடி4எக்ஸ். விளம்பரத்தில் நான்குமே பாறை ஏறும். ஷோரூமுக்குப் போனதும் முதல் வேலையாக டிரைவர் கதவைத் திறந்து, தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் படியுங்கள். ஆட்களும் சரக்கும் சேர்ந்து எத்தனை பவுண்டு வரை ஏற்றலாம் என்று அதில் இருக்கும். பிரோஷரில் போடுவது அந்த மாடலிலேயே அதிகபட்ச எண். சன்ரூஃப், வின்ச் (மாட்டிக்கொண்ட வண்டியை இழுக்கும் கயிற்று மோட்டார்), டீசல் இன்ஜின் என்று சேர்க்கச் சேர்க்க ஸ்டிக்கரில் எண் இறங்கிக்கொண்டே வரும்.

ஸ்டிக்கரில் 1,550 பவுண்டு என்று வைத்துக்கொள்வோம். நான்கு பேர் 700, பின்பெட்டி மூடி 200, டூல்ஸ், கூலர், தண்ணீர் எல்லாம் 300. மிச்சம் 350. டிரெய்லர் மாட்டினால் அதன் எடையில் 10 முதல் 15 சதவீதம் வரை கொக்கியில் உட்காரும். 12 சதவீதம் என்று கணக்குப் போட்டால் 2,900 பவுண்டு டிரெய்லரிலேயே கதை முடிந்தது. இழுவைத் திறன் 10,000 பவுண்டு என்று எழுதியிருந்தும் பயனில்லை. பவர் வேகன் வாங்கி, பின்பெட்டியில் 2,500 பவுண்டு கேம்பரை ஏற்ற நினைப்பவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். சக்கரம் பள்ளத்தில் நன்றாகத் தொங்க வேண்டும் என்பதற்காக அதன் ஸ்பிரிங்கை மென்மையாக வைத்திருக்கிறார்கள். அதற்குக் கொடுத்த விலைதான் இந்தச் சுமைக் குறைவு.

அந்த விலைக்குக் கிடைப்பது மற்ற மூன்றிலும் ஒருசேரக் கிடைக்காத சாமான். முன், பின் இரண்டு ஆக்ஸிலிலும் லாக்கர் (இரு பக்கச் சக்கரமும் ஒரே வேகத்தில் சுற்றும்படி பூட்டுவது), பட்டனைத் தட்டினால் கழன்றுகொள்ளும் முன் ஸ்வே பார் (வண்டி சாய்வதைக் குறைக்க இரு சக்கரத்தையும் இணைக்கும் கம்பி), 12,000 பவுண்டு வார்ன் வின்ச் எல்லாமே கம்பெனியிலிருந்தே வரும். டிரெமரில் பின்னால் லாக்கர், முன்னால் லிமிடெட் ஸ்லிப் (முழுசாகப் பூட்டாமல் சக்கரம் சும்மா சுற்றுவதைக் குறைப்பது) மட்டும். இசட்ஆர்2-விலும் ஏடி4எக்ஸிலும் பின் லாக்கர் மட்டுமே. குறுக்கே ஓடும் வாய்க்காலில் ஒரு முன் சக்கரமும் எதிர்ப்பக்கப் பின் சக்கரமும் காற்றில் தொங்கும்போது பின் லாக்கர் மட்டும் உள்ள வண்டி பின் ஆக்ஸிலை நம்பியே தள்ள வேண்டும்; முன்னால் தொங்கும் சக்கரம் சும்மா சுற்றும். அப்படிப்பட்ட பாதை வருஷத்துக்கு ஒருமுறைதான் என்றால் முன் லாக்கருக்காக ஏங்க வேண்டியதில்லை.

மெதுவாக ஊர்ந்து ஏற கிரால் ரேஷியோவைப் பாருங்கள்; இன்ஜின் சுழற்சியைச் சக்கரத்தில் எத்தனை மடங்கு குறைக்கிறது என்ற எண் அது, கூடினால் நல்லது. முதல் கியர், டிரான்ஸ்ஃபர் கேஸ் (முன், பின் ஆக்ஸிலுக்குச் சக்தியைப் பிரிக்கும் பெட்டி), ஆக்ஸில் மூன்றின் விகிதத்தையும் பெருக்கினால் போதும். பவர் வேகனுக்கு 4.71 × 2.64 × 4.10, அதாவது சுமார் 51. டிரெமரில் 7.3 லிட்டர் பெட்ரோலுக்கு ஃபோர்டு சொல்வது 53, டீசலுக்கு 44; டீசலுக்கு 3.55 ஆக்ஸில் வருவதால் இந்த வித்தியாசம். டார்க் அதிகம் என்பதால் டீசலுக்கு இது பெரிய குறையில்லை.

டீசல் தேவையா என்பதற்கு என் பதில்: கனமான டிரெய்லரோடு மலை ஏறுவது வாடிக்கையாக இருந்தால் மட்டும். சுமார் 10,000 டாலர் கூடுதல், மூக்கில் பல நூறு பவுண்டு கூடுதல், மணலில் முன்பக்கம் புதையும். ஊர்ந்துகொண்டே இருந்தாலோ கிட்டத்துக்கே ஓட்டினாலோ டிபிஎஃப் (புகையின் கரியைப் பிடிக்கும் வடிகட்டி) சூடேறாமல் கரி அடைக்கும். எஃப்-250 டிரெமரை டீசலில் எடுப்பவர்கள் அதே டிரெமரை எஃப்-350-லும் விலை கேளுங்கள். ஒற்றைப் பின்சக்கரம்தான், ஓட்டுவதில் வித்தியாசம் தெரியாது, சுமை அளவு நன்றாக ஏறும். மொத்த எடை 10,000 பவுண்டைத் தாண்டுவதால் உங்கள் மாநிலத்தில் பதிவுக் கட்டணமும் இன்ஷூரன்ஸும் மாறுமா என்று முன்கூட்டியே விசாரித்துவிடுங்கள்.

முன் சஸ்பென்ஷனில் இரண்டு கட்சி. ராமும் ஃபோர்டும் காயில் ஸ்பிரிங்கோடு முழு ஆக்ஸில். செவ்ரோலேயும் ஜிஎம்சியும் டார்ஷன் பாரோடு தனித்தனி சஸ்பென்ஷன். கரடுமுரடான மண் ரோட்டில் கொஞ்சம் வேகமாகப் போக இரண்டாவதுதான் சுகம். இசட்ஆர்2-வில் மல்ட்டிமேட்டிக் கம்பெனியின் டேம்பரும் (ஷாக் அப்சார்பர்) இருப்பதால் உள்ளே இருப்பவர்களுக்கு முதுகு வலிக்காது. தனித்தனி சஸ்பென்ஷனின் பலவீனம் டை ராடு, அதாவது ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் கம்பி: ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்துவைத்துப் பாறையில் ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் வளையும். முழு ஆக்ஸிலில் வரும் தொல்லை வேறு. 50, 60 மைல் வேகத்தில் ஒரு பள்ளத்தில் விழுந்ததும் ஸ்டீயரிங் கையை உதறிவிட்டு ஆடும். ஸ்டீயரிங் டேம்பரை மாற்றினால் ஆட்டம் சில நாள் ஒளிந்துகொள்ளும், போகாது. டிராக் பார் (ஆக்ஸில் பக்கவாட்டில் நகராமல் பிடிக்கும் கம்பி) புஷ், பால் ஜாயின்ட் (சக்கரம் திரும்பும் மூட்டு), டயர் பேலன்ஸ் என்ற வரிசையில் பாருங்கள்.

டிரெமருக்கும் இசட்ஆர்2-வுக்கும் 35 அங்குல டயர், பவர் வேகனுக்கு 33. ஆனால் பவர் வேகனின் வீல்பேஸ் சுமார் 149 அங்குலம், மற்றவற்றுக்கு 160-ஐ ஒட்டி. மேட்டின் உச்சியில் நடுவயிறு தட்டுவதில் இது டயரின் இரண்டு அங்குலத்தைச் சாப்பிட்டுவிடும். எந்த வண்டியானாலும் மண் ரோட்டில் இறங்கும் முன் காற்றை 60-லிருந்து 30 பிஎஸ்ஐ அளவுக்கு இறக்குங்கள். இத்தனை கனத்தோடு 20-க்குக் கீழே போனால் திருப்பத்தில் டயர் ரிம்மை விட்டுக் கழலலாம்.

பழைய வண்டி என்றால் படுத்து அடியில் பாருங்கள். ஸ்கிட் பிளேட்டில் (அடிப்பாகத்தைக் காக்கும் தகடு) கீறல் இருக்கலாம், டிரான்ஸ்ஃபர் கேஸில் இருக்கக்கூடாது. ஃபோர் லோவில் (நான்கு சக்கரமும் இழுக்கும் மெதுவான கியர்) போட்டு, சரளை மேல் மெதுவாக உருட்டியபடி லாக்கரைப் போடுங்கள். விளக்கு சிமிட்டிக்கொண்டே நின்றால் சென்சாரோ வயரோ போயிருக்கலாம். வின்ச் கயிற்றை டிரம்மில் கடைசி சில சுற்று மிஞ்சும் வரை வெளியே இழுத்துப் பாருங்கள். மேல் சுற்று பளபளவென்று இருந்து, உள்ளே நசுங்கிக் கிடந்தால் கயிறு மாற்றும் செலவை விலையில் கழிக்கச் சொல்லுங்கள்.